"கேனி" என்றால் பாராட்டா, திட்டா?

கேள்வி – 2024 ஜனவரி 20

சண்டர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று இரவு ஒரு பாட்டிக்குத் தலையணையைச் சரிசெய்து வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு "யூ ஆர் எ கேனி லாஸ், பெட்" என்றார். லாஸ் என்றால் பெண், பெட் என்றால் செல்லம், அது தெரியும். கேனி? முதலில் என் காதில் "கன்னி" என்று விழுந்தது. அப்புறம் "கேனை"யோ என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் உஷாரான, காசு விஷயத்தில் கெட்டியான என்று போட்டிருக்கிறது. தலையணை நகர்த்தியதில் நான் என்ன உஷாரைக் காட்டினேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 20, மாலை

பாராட்டுதான். அந்த ஊரில் ஒரு மனுஷியைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகப் பெரிய பாராட்டு அது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

நான் நியூகாசலுக்கு டைன் ஆற்றைத் தாண்டி கேட்ஸ்ஹெட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். நீங்கள் பார்த்த அகராதி சொல்வது லண்டன் பத்திரிகைகளில் வருகிற அர்த்தம். அங்கே "கேனி" முதலீட்டாளர் என்றால் ஏமாறாத ஆள். இங்கே, இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், நல்ல, அன்பான, பக்கத்தில் இருந்தால் மனசுக்கு இதமான என்று அர்த்தம். நியூகாசல், சண்டர்லாந்து, டர்ஹம், நார்தம்பர்லாந்து எல்லா இடத்திலும் அப்படித்தான்.

"கன்னி" என்று காதில் விழுந்ததில் தப்பே இல்லை. இந்த ஊர்க்காரர்கள் அந்த "ஏ" எழுத்தைத் தட்டையாக, கிட்டத்தட்ட நம் அகரம் மாதிரியே சொல்வார்கள். நான் லண்டன் உச்சரிப்புக்குப் பக்கமாக "கேனி" என்று எழுதுகிறேன். எழுத்துக்கூட்டல் சி, ஏ, இரண்டு என், ஒய்.

2024 ஜனவரி 20, இரவு

தூக்கம் வரவில்லை, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"முடியும்" என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற "கேன்" இருக்கிறதே, அதிலிருந்து ஸ்காட்லாந்தில் பிறந்த சொல். பழங்காலத்தில் அந்தக் "கேன்" முடிவதைச் சொல்லவில்லை, அறிவதைச் சொன்னது. ஸ்காட்லாந்தில் "அறிவேன்" என்பதற்கு இன்றைக்கும் "கென்" என்பார்கள். ஜெர்மன்காரர்களின் "கென்னன்", "க்யொன்னன்" இரண்டும் இதே குடும்பம். தந்திரத்தைக் குறிக்கிற "கன்னிங்" கூட இதன் உடன்பிறப்புதான். அதற்கும் முதல் அர்த்தம் அறிவுள்ள என்பதே, பின்னால்தான் கெட்டுப்போனது.

ஆக, கேனி என்றால் முதலில் விஷயம் தெரிந்த ஆள். விஷயம் தெரிந்தவன் கவனமாக நடப்பான். கவனமாக நடப்பவன் முரட்டுத்தனம் காட்டமாட்டான், மென்மையாக இருப்பான். மென்மையாக இருப்பவன் நல்லவன். இப்படி ஒவ்வொரு படியாக இறங்கிவந்திருக்கிறது. தெற்கே போனது "கவனம்" என்ற படியிலேயே நின்று காசில் கவனமாகிவிட்டது. வடகிழக்கில் தங்கியது கடைசிப் படிவரை வந்தது.

இதே வழியில் நடந்த ஒரு சொல் நம்மிடமும் உண்டு. சமர்த்து. சமர்த்தன் என்றால் திறமைசாலி. ஆனால் "சமர்த்துப் பிள்ளை" என்று பாட்டி சொன்னால் அது திறமைக்குத் தரும் பட்டமா? அடம் பிடிக்காமல் சாப்பிட்ட பிள்ளை என்றுதானே அர்த்தம். திறமை குணமாக மாறிவிட்டது. அந்தச் சண்டர்லாந்துப் பாட்டி உங்களைச் சமர்த்து என்று சொல்லியிருக்கிறார்.

2024 ஜனவரி 22

இரண்டு நாளாக யோசித்ததில் சமர்த்து பொருந்தவில்லை என்று படுகிறது. சொல் நடந்து வந்த பாதை ஒன்றுதான், வந்து சேர்ந்த இடம் வேறு.

சமர்த்து என்று பெரியவர்கள் சின்னவர்களைத்தான் சொல்வார்கள். அதில் "சொன்ன பேச்சைக் கேட்டாய்" என்ற மணம் இருக்கிறது. கேனியில் கீழ்ப்படிதல் கிடையாது. எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா வால்சென்டில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். தன் பழைய மேஸ்திரி ஒருவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "எ கேனி மேன்" என்பார். அந்த மேஸ்திரி என்ன செய்தாராம்? இவர் மனைவிக்குப் பிரசவ வலி என்று தெரிந்ததும், மேலே யாரிடமும் கேட்காமல் "நீ கிளம்பு, உன் வருகை அட்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிவிட்டாராம். சமர்த்தானவர் செய்கிற காரியமா அது? விதியைத் தாண்டியவர்.

நேற்று ஒருவர் "தங்கமான மனுஷன்" என்று சொல்லிப்பார்க்கலாமே என்று எழுதியிருந்தார். பக்கத்தில் வருகிறது. மேஸ்திரியைத் தங்கமான மனுஷன் என்றால் தாத்தாவே தலையாட்டுவார். ஆனாலும் தங்கத்துக்கு ஒரு பளபளப்பு உண்டு. கேனிக்குப் பளபளப்பே கிடையாது. அதைச் சொல்லும்போது இங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை.

2024 ஜனவரி 23

"ஸ்காட்லாந்து நண்பர் கேனே கேனே என்கிறார், அதுவும் இதுதானா?" என்று ஒரு கேள்வி. இல்லை. அது "முடியாது". இரண்டையும் குழப்பினால் மறுப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வீர்கள்.

2024 ஜனவரி 27

ஆளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பொருளுக்கும் நிலைமைக்கும் கூட இந்தச் சொல் வரும். அங்கேதான் நான் வந்த புதிதில் தவறாகப் புரிந்துகொண்டேன்.

குடிவந்த புதிதில் எதிர்வீட்டுத் தாத்தாவுக்குப் புளியோதரை கொடுத்தேன். மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அய், இட் வாஸ் கேனி" என்றார். அய் என்றால் ஆமாம். முகத்தில் சிரிப்பு இல்லை, வேறு வார்த்தை இல்லை. பிடிக்கவில்லை, மரியாதைக்குச் சொல்கிறார் என்று முடிவுகட்டி அதோடு விட்டுவிட்டேன். ஐந்தாறு வாரம் கழித்து, கழுவித் துடைத்த டப்பாவோடு வாசலில் நிற்கிறார். "இதில் திரும்ப ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் முதல் நாளே மனதாரப் பாராட்டியிருக்கிறார், எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

எனக்குத் தெரியாமல் போனதுதான் அநியாயம், ஏனென்றால் எங்கள் ஊரில் அச்சு அசலாக இந்தச் சொல் இருக்கிறது. கொள்ளாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். மலையாளத்தோடு பங்கு போட்டுக்கொள்கிற சொல். கல்யாணச் சாப்பாடு எப்படி? கொள்ளாம். மாப்பிள்ளை? கொள்ளாம். சொல்லை மட்டும் பார்த்தால் "ஏற்கலாம்" என்கிற அளவுதான். ஆனால் எங்கள் அப்பா வாயிலிருந்து கொள்ளாம் வந்தால் அம்மா அன்றைக்கெல்லாம் முகம் மலர்ந்தே இருப்பாள். மதுரைக்குப் படிக்கப் போனபோது விடுதிச் சாப்பாட்டை நான் கொள்ளாம் என்று சொல்ல, "பிடிக்கவில்லையா?" என்று சமையற்காரர் வருத்தப்பட்டார். அவருக்கு அது பரவாயில்லை ரகமாகக் கேட்டது. அவர் நிலையில்தான் பிற்பாடு நான் கேட்ஸ்ஹெட்டில் நின்றேன்.

"எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் இங்கே பதில் "கேனி". இந்தப் பகுதியில் பிரபலமாக இருந்த டியூடர் என்ற உருளைக்கிழங்கு வறுவலின் தொலைக்காட்சி விளம்பரத்தில் அதைக் "கேனி பேக்" என்பார்கள். ஐம்பது வயது தாண்டிய யாரிடமும் சொல்லிப்பாருங்கள், முகம் சிறுபிள்ளை முகமாகிவிடும்.

2024 ஜனவரி 28

ஒரு வாசகர் சரியாகப் பிடித்துவிட்டார். 20ஆம் தேதி மிகப் பெரிய பாராட்டு என்றேன், நேற்று கொள்ளாம் என்று இறக்கிவிட்டேன், எது சரி என்கிறார்.

இரண்டும் சரி. ஆனால் நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். பின்னால் ஒரு ஆளைச் சேர்த்துச் சொன்னால், "கேனி லாஸ்", "கேனி லேட்" (லேட் என்றால் பையன்), "கேனி பாடி" (பாடி என்றால் ஆள்), அது முழுப் பாராட்டு. தனியாக "கேனி" என்று மட்டும் நின்றால் அது கொள்ளாம். அதில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் குரலும் முகமும் சொல்லும், அல்லது ஐந்து வாரம் கழித்து டப்பா சொல்லும்.

மிகப் பெரிய பாராட்டு என்பது நானாகச் சொன்னதும் அல்ல. 1825இல் ஜான் பிராக்கெட் என்ற நியூகாசல்காரர் வட இங்கிலாந்துச் சொற்களுக்கு ஒரு அகரமுதலி போட்டார். அதிலேயே இதை நியூகாசலின் அசல் சொல், எதிலும் மேலானதற்கு வழங்குவது என்று எழுதிவைத்தார். 1890களில் ரிச்சர்ட் ஆலிவர் ஹெஸ்லப் நார்தம்பர்லாந்துச் சொற்களைத் தொகுத்தபோது இன்னும் மேலே போனார். அன்பு, நன்மை, மென்மை எல்லாம் திரண்டது இந்தச் சொல், ஒருவரைக் கேனி என்பதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்கிறார். அகராதி எழுத உட்கார்ந்தவர் ஒரு சொல்லைப் பார்த்து இப்படி உருகியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆங்கிலேயனுக்கு வீடு என்ற சொல் எப்படியோ, டைன் கரைக்காரனுக்குக் கேனி அப்படி, வீட்டின் நல்ல குணங்கள் அத்தனையும் அதில் அடக்கம் என்பது அவர் கருத்து.

2024 பிப்ரவரி 3

எச்சரிக்கை ஒன்று. இந்தச் சொல்லை ஊர் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

மூன்று வருஷம் முன்பு எடின்பரோவில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். கூட இருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் இரண்டு நாளும் என்னைப் பார்த்துப் பார்த்துக் கவனித்தார். கிளம்பும்போது நன்றியாக "யூ ஆர் எ கேனி மேன்" என்றேன். சிரித்தார், ஆனால் ஒரு நொடி தாமதித்துச் சிரித்தார். அப்புறம் "நேற்று டீக்கு நீ காசு கொடுத்தாயே, அதைச் சொல்கிறாயா?" என்று கேட்டார். ஸ்காட்லாந்துக்காரர் கஞ்சர் என்பது இங்கிலாந்தில் அரதப்பழசான கேலி. "கேனி ஸ்காட்" என்ற சேர்க்கைக்குள் அந்தக் கேலி உட்கார்ந்திருக்கிறது. நான் கேட்ஸ்ஹெட் அர்த்தத்தில் சொன்னேன் என்று விளக்கியபின் அவர் முகம் தெளிந்தது. ஆனாலும் அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் உறுத்துகிறது. நல்ல மனிதர். சொல் பிறந்ததே அவர் நாட்டில்தான், அங்கேயே அது முள்ளாகக் குத்திவிட்டது.

2024 பிப்ரவரி 4

விட்டுப்போனது. "கேனி கோல்ட்" என்றால் இதமான குளிர் அல்ல! செம குளிர். "எ கேனி ஃபியூ" என்றால் கொஞ்சம் பேர் அல்ல, நல்ல கூட்டம். இதற்கு நமக்கு விளக்கமே தேவையில்லை. நல்ல வெயில், நல்ல பசி, நல்ல அடி என்கிறோமே. அடியில் என்ன நன்மை? நன்மையைச் சொல்கிற சொல் அளவைச் சொல்கிற சொல்லாகிவிட்டது. இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன. இந்த "நல்ல" கணக்கைச் சொன்னதும் எதிர்வீட்டுத் தாத்தா "நல்ல, நல்ல" என்று இரண்டு தடவை சொல்லிப்பார்த்தார்.

2024 பிப்ரவரி 10

கேள்வி கேட்ட தங்கச்சி மறுபடி எழுதியிருக்கிறார். இரவுப் பணி முடிந்து கிளம்பும்போது அதே பாட்டி "கேன் கேனி" என்றாராம். இரண்டு தடவையா பாராட்டினார் என்று கேட்கிறார்.

முதலில் வருவது வேறு சொல், ஜி எழுத்தில் தொடங்குவது, போவதைக் குறிக்கும். "கேன் கேனி" என்றால் பார்த்துப் போ. நம் வீட்டு வாசலில் சொல்கிற அதே "பார்த்துப் போயிட்டு வா". இதில் கேனி தன் பழைய அர்த்தத்திலேயே, கவனமாக, மெதுவாக என்றே நிற்கிறது. ஆகவே ஜனவரி 20ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு திருத்தம். வடகிழக்கில் சொல் கடைசிப் படிக்கு இறங்கியது உண்மை, ஆனால் மேல்படிகளையும் விட்டுவிடவில்லை.

ஸ்காட்லாந்தில் இதற்கு இணையாக "கா கேனி" உண்டு, வண்டியை மெதுவாக ஓட்டு என்பது போல. அந்தச் சொல் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பிடித்தது. 1889இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் வயல்வேலை செய்கிறவர்களைக் கூட்டிவந்து சுமை இறக்கவைத்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. பழைய கூலிக்கே திரும்ப வேண்டியதாயிற்று. சங்கத் தலைவர்கள் ஒன்று சொன்னார்கள்: அந்த வயல்காரர்கள் வேலை அருமை என்று முதலாளிகள் புகழ்ந்தார்களே, அவர்கள் மாதிரியே நாமும் வேலை செய்வோம். அவர்களுக்குக் கப்பலில் சரியாக நிற்கவே தெரியாது, ஒருவர் செய்கிற வேலைக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நம் ஆட்களும் அப்படியே மெதுவாக, தடுமாறி வேலை செய்ய, கொஞ்ச நாளில் கேட்ட கூலி கிடைத்தது. அதன் பிறகு மெதுவாக வேலை செய்யும் போராட்டத்துக்கே "கா கேனி" என்று பெயர் வந்துவிட்டது.

2024 பிப்ரவரி 11

மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், "அன்கேனி" இதன் எதிர்ச்சொல்தான். அமானுஷ்யம், இனம் புரியாத பயம் என்கிற அர்த்தத்தில் உலகம் முழுக்கப் போய்விட்ட சொல். மனித முகத்துக்கு மிக நெருங்கிவிட்ட ரோபோவைப் பார்த்தால் ஏன் மனசு கூசுகிறது என்று ஜப்பானில் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினாரே, அது ஆங்கிலத்தில் "அன்கேனி பள்ளத்தாக்கு" ஆனது.

நேற்றிரவு என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. ஃபிராய்டு 1919இல் இந்த உணர்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட ஜெர்மன் சொல் "உன்ஹைம்லிஷ்". ஹைம் என்றால் வீடு. வீட்டுக்கு ஒட்டாதது என்பதுதான் அதன் உடைப்பு. அதற்கு ஆங்கிலத்தில் "அன்கேனி" என்று போட்டார்கள். பொதுவாக இதைக் குறையாகச் சொல்வார்கள், ஜெர்மனில் இருக்கும் வீடு ஆங்கிலத்தில் காணாமல் போய்விட்டது என்று. அந்தக் கட்டுரைக்கு ஏறக்குறைய 25 வருஷம் முன்பே ஹெஸ்லப் கேனிக்குள் வீட்டைப் பார்த்திருக்கிறார்! வீடு காணாமல் போகவில்லை. டைன் கரையில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஸ்காட்லாந்தில் முன்பு மருத்துவச்சிக்குக் "கேனி வைஃப்" என்று பெயர் இருந்தது. விஷயம் தெரிந்தவள், கை மென்மையானவள், பக்கத்தில் இருந்தால் பயம் போய்விடும். சொல்லின் எல்லாப் படியும் ஒரே ஆளிடம்.

2024 பிப்ரவரி 24

இன்றைய பிள்ளைகள் சொல்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். என் மகள் பள்ளியில் "மின்ட்", "பெல்டா", "லஷ்" எல்லாம் பறக்கிறது, மூன்றுமே பிரமாதம் என்கிற ரகம். புதுச் செருப்பு லஷ், பாட்டு பெல்டா. அவளிடம் கேட்டேன், உன் வகுப்பில் யாரைக் கேனி என்பாய்? உடனே சொல்லவில்லை. சாப்பாட்டு வேளையில் யார் தனியாக உட்கார்ந்திருந்தாலும் போய்ப் பக்கத்தில் உட்காரும் ஒரு பையனைச் சொன்னாள். செருப்புக்கு அவள் அந்தச் சொல்லைச் செலவழிக்கவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"பானி"யும் இதுவும் ஒன்றா என்றால், இல்லை. பானி பார்க்க அழகு. பானியாக இருந்து கேனியாக இல்லாதவர்கள் உண்டு, தாத்தா அப்படி இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் காட்டினார். பெயரை இங்கே எழுதமாட்டேன்.

2024 மார்ச் 2

தங்கச்சியின் கடைசிச் செய்தி: பாட்டிக்கு 91 வயது நிறைந்த அன்று கேக் வெட்டியபின், இவர் துணிந்து "யூ ஆர் கேனி டூ" என்று சொல்லியிருக்கிறார். பாட்டி, "யாரம்மா உனக்கு ஒழுங்காப் பேசச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாராம்.

அந்தப் பாட்டிதான் என்று சொல்லுங்கள், தங்கச்சி. அப்புறம், இந்த வாரம் பனி உறைந்து நடைபாதை கண்ணாடியாகக் கிடக்கிறது. இரவுப் பணி முடிந்து வரும்போது கேன் கேனி.